செல்லச்சாமியின் வான்காவல்

"இந்தா, குவைத் விமானம் மஸ்கட்டைத் தாண்டிட்டு. ஒன் மருமவன் நேரத்துக்கு இறங்கிருவான், போய்ச் சோறு வடி" என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, செல்போனைத் தடவிக்கொண்டே எதிர்வீட்டு முத்துச்செல்விக்குச் சேதி சொல்கிறார் செல்லச்சாமி.

பட்டாளத்தில் அவர் பார்த்தது சமையல் வேலை. ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்ததும், விமானம் போகும் வழியைக் காட்டும் செயலி ஒன்றை மகன் போனில் ஏற்றிக்கொடுத்தான். அன்றிலிருந்து விமானப்படையே தன் பொறுப்பில் இருப்பதுபோல்தான் நடந்துகொள்கிறார். திரையில் விமானப் படம் மறைந்தால் பதறுகிறவர்களுக்குத் தைரியமும் சொல்வார்: "விமானம் அனுப்புத சேதியைக் கீழ இருக்க கருவிதான் வாங்கணும். நடுக்கடல்ல அதை மீனு வந்தா நட்டு வைக்கும்? கரை கிட்ட வந்தா தானா தெரியும்."

அந்தத் தைரியம் சொந்தப் பெண்டாட்டி விஷயத்தில் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. போன ஆடிச் சாரலில், சிங்கப்பூர் மகன் வீட்டிலிருந்து வள்ளித்தாய் முதல் தடவையாகத் தனியாகத் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பினாள். "நீங்க வர வேண்டாம், காருல பெட்டி வைக்க இடம் வேணும்" என்று முன்னமே உத்தரவு போட்டிருந்தாள். வங்கக் கடலுக்கு மேல் படம் மறைந்தது. செல்லச்சாமி போனை அணைத்துப் போட்டார். மொட்டைமாடிக்கு ஏறி உயர்த்திப் பிடித்தார். கடலில் விழுந்து இன்றுவரை கிடைக்காத விமானங்களைப் பற்றிப் படித்ததெல்லாம் வேண்டாத நேரத்தில் ஞாபகம் வந்தது.

மேலே பார்த்தால் குற்றால மலையையே காணோம், அவ்வளவு மேகம். கண் உதவாவிட்டால் காது இருக்கிறது என்று சொந்தக்காரர்களை ஏவினார். முதலில் ஆலங்குளத்து மச்சினன்.

"ஏலே இசக்கிமணி, மாடிக்குப் போலே. அக்கா வாரா. சத்தம் கேக்கா?"

"கேக்கு அத்தான், நல்லா கேக்கு."

இலத்தூர்த் தங்கைக்கும் கேட்டது. திருவேங்கடத்துச் சின்ன மாமனாருக்கும் அதே நேரத்தில் கேட்டது. மனிதர் நிம்மதியாக இருக்கட்டும் என்று ஆளாளுக்குத் தாராளமாகக் கேட்டுவிட்டார்கள். ஒரே விமானம் மூன்று ஊரில் பறந்தது.

"எல்லாருமாச் சேந்து பொய்யா சொல்லுதிய? அவ அங்கன கடலுக்கு மேல என்ன ஆனாளோ!" மச்சினனை மறுபடி கூப்பிட்டுக் கத்தினார்.

இலங்கைப் பக்கம் படம் மறுபடி முளைத்தபோது, நனைந்த மாடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இறங்கியதும் வள்ளித்தாய் போன் செய்தாள்.

"பதறிட்டியளா?"

"எனக்கென்னட்டி பதட்டம்? இப்பத்தான் தூங்கி முழிச்சேன்."

விமானத்தைக் காட்டும் திரை வாடகைக் காரைக் காட்டாது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. பஸ் பிடித்து, திருவனந்தபுரம் கார் வரும் வழியில் இருக்கும் செங்கோட்டைக்குப் போய்விட்டார். புளியரைப் பக்கமிருந்து வரும் கார் ஒவ்வொன்றுக்குள்ளும் குடையோடு குனிந்து பார்த்தார். கடைசியில் ஒரு கார் தானாகவே அவர் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"இங்கன என்ன செய்யுதிய?" என்றாள் வள்ளித்தாய்.

செல்லச்சாமி விறைப்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று எதிர்ப்பக்கம் பார்த்தார். ஒரு கை மட்டும் கார்க் கதவைப் பிடித்தது பிடித்தபடி இருந்தது.