பதினைந்து பிள்ளைகள் வேண்டும்

என் மகள் ஆறாம் ஆண்டு முடிக்கப்போகும் சமயம், எங்கள் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பெற்றோர்கள் கூடி ஒரு வாக்குக் கொடுத்துக்கொண்டோம். வகுப்பிலுள்ள பதினேழு பிள்ளைகளையும் பக்கத்து இடைநிலைப்பள்ளிக்கே ஒன்றாக அனுப்புவது என்று. அங்கே தமிழ் வகுப்பு நின்று சில வருடங்களாகிவிட்டன. பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் எழுதிக் கேட்டால்தான் திரும்பத் தொடங்குவார்கள். என் மகள் எந்நேரமும் தமிழில் கதை எழுதிக்கொண்டிருப்பவள். தமிழ் இல்லாத பள்ளி என்றாலே முகம் சுருங்கிவிடும். பதினேழு பேரின் பெயரையும் அவளே ஒரு தாளில் எழுதி, கையெழுத்துக்கு இடமும் விட்டுக் கொடுத்தாள். முதல் கையெழுத்து நான்தான் போட்டேன்.

போட்டதோடு சும்மா இருந்திருக்கலாம். எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. மீன் வாங்கினாலும் மூன்று கடை ஏறி இறங்குகிற ஆள் நான். கையுறைத் தொழிற்சாலையில் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

பக்கத்துப் பள்ளியில் அறிவியல் கூடம் பூட்டிக் கிடந்தது. பெண் பிள்ளைகள் கழிப்பறையில் இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதையெல்லாமா பார்ப்பார்கள் என்று கேட்கலாம். நான் பார்ப்பேன். தஞ்சோங் டாவாய் போகும் சாலையில் இருந்த பள்ளி படு சுத்தம், ஆசிரியர்களும் மரியாதையாகப் பேசினார்கள், ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் மொத்தமே நான்கு பேர். கடைசியாகச் சுங்கைப் பட்டாணிக்குப் போனேன். அங்கே தமிழுக்கென்று இரண்டு ஆசிரியைகள். ஒரு வகுப்பில் பிள்ளைகள் தமிழில் சண்டை போட்டு விவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சன்னல் ஓரம் நின்றேனே, அங்கேதான் மனசு மாறிப்போனது.

சுங்கைப் பட்டாணியில் அண்ணன் வீடு இருக்கிறது. குடியிருக்கும் முகவரியைப் பார்த்துத்தான் கல்வி இலாகா பள்ளி கொடுக்கும். "என் வீட்டு அலாமாட்டைப் போடுலா தங்கச்சி. கரண்ட் பில்லை எடுத்துக்கிட்டுப் போ. நம்ம ஆளுங்க எல்லாரும் செய்றதுதான்," என்றார் அண்ணன்.

வீட்டுக்காரர்தான் கேட்டார். "வாக்குக் கொடுத்தியே, அது என்னா ஆகும்?"

"பதினேழுல ஒண்ணு போனா பதினாறு இருக்கும்லா. பதினஞ்சுதானே கேக்கறாங்க?" என்றேன். என்ன ஒரு கணக்கு! மகளிடம் சொல்லவில்லை. இடம் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விண்ணப்பப் பாரத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன்.

கல்வி இலாகாவிலிருந்து அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார்கள். எடுத்தது அண்ணி. பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "அந்தப் பிள்ளையா? அது எஸ்டேட்லதான் இருக்கு, லீவுக்குத்தான் இங்க வரும்," என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். மகளுக்குப் பக்கத்துப் பள்ளியே கிடைத்தது. கோபம் வந்தாலும், சரி, தமிழ் வகுப்பாவது கிடைக்குமே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பள்ளி திறந்த வாரம், தமிழ் வகுப்பு கேட்கும் விண்ணப்பக் கடிதத்தோடு துணைத் தலைமையாசிரியரைப் பார்த்தேன். நல்ல மனிதர், மலாய்க்காரர். பட்டியலை இரண்டு தடவை விரல் வைத்து எண்ணினார். எங்கள் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் பதினொரு பேர். "தா சுக்கோப், புவான்," என்றார். போதாதாம்.

ஆறு பேர் எங்கே? அன்று சாயங்காலமே பாசாரில், காய்கறிக் கடை முன்னால், அந்த ஆறில் ஒரு பையனின் அம்மாவைப் பிடித்தேன். "அவன் டவுன் ஸ்கூலுக்குப் போறான் அக்கா. எங்க சித்தி வீட்டு அலாமாட் போட்டோம். பதினேழு இருக்குதே, ஒண்ணு குறைஞ்சா என்னான்னு நெனச்சேன்," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. ஆறு வீட்டிலும் இதே கணக்குத்தான். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். எந்த முகத்தோடு திட்டுவது?

பிறகு செமிலிங் பக்கத்துத் தோட்டங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அந்தப் பள்ளியிலேயே சேர்ந்திருந்த இரண்டு பிள்ளைகள் கிடைத்தார்கள். பதின்மூன்று. மேல் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால், பாதியில் எப்படி ஆண்ட்டி தொடங்குவது என்கிறார்கள். துணைத் தலைமையாசிரியரிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தேன். அவர் கையில் என்ன இருக்கிறது? இன்னும் இரண்டே இரண்டு பேர். எங்கே போய்க் கொண்டுவருவேன்?

நேற்றுச் சாப்பாட்டு மேசையில், தமிழ் வகுப்பு இந்த வருடம் இல்லை என்று மகளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உள்ளே போய்ப் பழைய பெயர்த் தாளை எடுத்துவந்தாள். டவுனுக்குப் போன ஆறு பேரின் பெயரையும் பென்சிலால் மெல்லக் கோடு போட்டு அடித்து வைத்திருந்தாள். மேலே என் கையெழுத்து அப்படியே இருந்தது.

"அவங்கல்லாம் சொல்லிட்டு மாறிட்டாங்கம்மா. நீ மட்டும் மாறலல்ல? எனக்கு அது போதும்," என்றாள்.

அண்ணன் வீட்டு முகவரி எழுதிய பாரத்தின் நகல் அவளுக்குப் பின்னாலிருந்த அலமாரியில், என் சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

"சோறு ஆறுது, சாப்பிடு," என்றேன்.