கிழக்கே பார்த்த ரூட்டர் டேபிள்

1. திரும்பி நின்ற மேஜை

ஞாயிறு லீவு முடிந்து காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தால், என் ரூட்டர் டேபிள் வேறு பக்கம் திரும்பி நிற்கிறது. மேலே புதுசாகக் குங்குமம், ஃபென்ஸில் சாமந்திச் சரம். கல்யாணப் பெண்ணை மேடையில் நிற்க வைத்த மாதிரி இருந்தது. அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் பலகை அடுக்கு கண்ணில் பட்டது.

எங்கள் யூனிட் சூளகிரி பக்கம். பெங்களூரு அபார்ட்மென்ட்களுக்குக் கிச்சன் கபோர்டு கதவுகள் செய்கிறோம். காலை வேளையில் கூரையின் ஃபைபர் ஷீட் வழியாக மஞ்சள் வெளிச்சம் இறங்கும். மரத்தூள் அதில் கீழே விழ மனசில்லாமல் மிதந்துகொண்டே இருக்கும். வெளியே பூப் பண்ணைகளின் பாலித்தீன் கூரைகள் ஏரித் தண்ணீர் போல மினுங்கும். நான் கல்லாவி ஊர்க்காரி, கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற ஆள். அதனாலேயே மெஷின் விஷயத்தில் ரொம்பக் கறார். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கனவு.

ரூட்டர் டேபிள் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேஜைக்கு அடியில் ஒரு மோட்டார் தொங்கும். அதன் பிட், அதாவது மரத்தைச் செதுக்குகிற கத்தி, மேஜையின் ஓட்டை வழியாகத் தலையை நீட்டிச் சுற்றும். அதை ஏற்றி இறக்குவது லிஃப்ட். மேலிருந்து ஒரு கைப்பிடியைச் செருகித் திருகினால் பிட் மெதுவாக ஏறும். ஏற்றியதும் லாக் போட வேண்டும், இல்லையென்றால் அதிர்வில் அதுவாகவே நகரும். பின்னால் நிற்கிற நேர் கட்டைதான் ஃபென்ஸ். அதை ஒட்டித்தான் பலகையைத் தள்ளுவோம், எப்போதும் வலது கைப் பக்கமிருந்து இடது பக்கமாக. பிட் அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றுவதால் மரம் நம்மை எதிர்த்து நிற்கும்.

இப்போது பலகை அடுக்கை இடது பக்கம் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

2. குபேர மூலை

எங்கள் முதலாளிக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், எங்களிடம் தமிழ். நல்ல மனுஷன்தான். ஆனால் ஆர்டர் குறைந்தால் யார் என்ன சொன்னாலும் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டி வந்திருக்கிறார்.

"மரம் வடக்க, குபேர மூலையிலருந்து வரணுமாம்மா. மெஷின் விவகாரம் கெழக்க பாத்து இருக்கணுமாம். அதான் ஆள் கெழக்க பாத்து நிக்கிற மாதிரி வெச்சுட்டன்."

"ஆளு எங்க பாத்தா என்னாங்க? பிட்டு எந்தப் பக்கம் சுத்துதுன்னு அவரைக் கேட்டீங்களா?"

"அதெல்லாம் அவருக்கு என்னாத்துக்கும்மா?"

கிழக்கே பார்த்து நின்றால் வடக்கு நமக்கு இடது கைப் பக்கம். அங்கிருந்து வருகிற பலகையை இடமிருந்து வலமாகத்தான் தள்ள முடியும். பிட்டும் அதே பக்கம்தான் சுற்றுகிறது. அப்படித் தள்ளினால் மரத்தை நாம் தள்ள வேண்டியதில்லை, பிட்டே பிடித்து இழுத்துக்கொண்டு போகும். இதைத் தமிழில் சொன்னேன், தெரிந்த கன்னடத்திலும் சொன்னேன். முதலாளி ஒரு மரத்துண்டை எடுத்து, ஓரத்தில் லேசாக ஓட்டி, என் கையில் கொடுத்தார். "தொட்டுப் பாரு, கண்ணாடி."

கண்ணாடிதான். அதுதான் இதில் உள்ள மாயம். கொஞ்சமாகச் சீவும்போது அந்தப் பக்கத்து வெட்டு வெண்ணெய் போல வரும். மரம் சத்தமில்லாமல், கனவில் நடப்பதுபோல வழுக்கிக்கொண்டு போகும். நானே அந்த ஓரத்தைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் சொன்னேன்: "நான் இங்க இருக்கிற வரைக்கும் லிஃப்டை அரை நூலுக்கு மேல ஏத்த மாட்டன்." நூல் என்பது எங்கள் அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

லிஃப்டை ஏற்றி இறக்குவது நான், பலகையைத் தள்ளுகிறவர் ஷாஹிதாக்கா. என்னைவிடப் பெரியவர், சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம். கல்யாண வீடுகளில் பெண்ணுக்கு மருதாணி போட அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் விரலை மெஷினுக்குப் பக்கத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பக்கென்று இருக்கும். பலகையைத் தள்ளுவதற்கென்று கைப்பிடி வைத்த கட்டையான புஷ் பிளாக் இல்லாமல் பலகையைத் தொடவே விட மாட்டேன். "நீ எனக்கு மாமியாரா வந்திருக்கணும் கௌசி" என்று சிரிப்பார்.

சில நாள் அப்படியே ஓடியது. ஆர்டரும் வந்தது. முதலாளி வாஸ்துக்காரரைப் புகழ்ந்து தள்ளினார்.

3. சத்தம் மாறியது

அன்றைக்கு கேட்டில் லாரியிலிருந்து பலகை இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே முதலாளி அவசரத்தில் இருந்திருக்கிறார். கதவு ஓரத்தில் வளைவு எடுக்கிற பெரிய பிட்டை மாட்டி, ஆணியில் தொங்கிய லிஃப்ட் கைப்பிடியை எடுத்து, லிஃப்டை முழு ஆழத்துக்கு ஏற்றிவிட்டார். அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி மூன்று நான்கு தடவையாகத்தான் எடுக்க வேண்டும். பலகையைப் பின்னுக்கு வரவிடாமல் அழுத்திப் பிடிக்க, சீப்பு மாதிரி பல் வைத்த கட்டை ஒன்று உண்டு. புதுத் திசைக்கு இடைஞ்சல் என்று அதையும் கழற்றி வைத்திருக்கிறார். "ஒரே தடவைல எடுத்துடும்மா, வண்டி நிக்குது" என்று ஷாஹிதாக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

மெஷினுக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளுகிறவர்களுக்கு அதன் சத்தம் தாலாட்டு மாதிரி. சீராக இருக்கிற வரை காதில் விழாது. அது ஒரு நொடி கம்மியது, பிறகு உறுமியது. ஓடினேன். நான் போவதற்குள் பலகை பாய்ந்துவிட்டது. தெற்குப் பக்கத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு பாதி வெளியே நின்றது. நான் சிவப்பு பட்டனை அடித்தேன்.

ஷாஹிதாக்கா நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். வலது கையில் புஷ் பிளாக்கின் கைப்பிடி மட்டும் இருந்தது. கீழ்ப் பாதியை பிட் தின்றுவிட்டது. பலகையோடு கையையும் பிட் பக்கம் இழுத்திருக்கிறது. ஒவ்வொரு விரலாக நான் பிடித்துப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன. "இருக்குதாம்மா?" என்று என்னிடம் கேட்டார். பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"ஏனாயித்து, என்னாச்சும்மா?" என்று பதறிக்கொண்டு வந்தார் முதலாளி.

"பலகை தெக்க பறந்துச்சுங்க. தெக்கு யாரு தெசைன்னு உங்க வாஸ்துக்காரரைக் கேளுங்க."

எமன் திசை என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தகரத்தைப் பார்த்தார், அந்தக் கைப்பிடியைப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சின்னக் குரலில் சொன்னார்: "மாத்திட்டா வந்த ஆர்டர் போயிடுமோன்னு பயமா இருக்குதும்மா."

அந்தப் பயமும் பொய்யில்லை. அவரைத் திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். திட்டினால் இன்றைக்குத் திருப்புவார், நாளைக்கு இன்னொருவர் பேச்சைக் கேட்டு மறுபடி மாற்றுவார்.

"உங்க ஊர்க் கோயில்ல சாமி எங்க பாத்து இருக்குதுங்க?"

"கெழக்க."

"அப்ப நீங்க எங்க பாத்து நின்னு கும்புடுறீங்க?"

"சாமிய பாத்து... மேக்க." சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

"அவ்ளோதாங்க. கெழக்க பாக்கவேண்டியது மெஷினு. ஆளு எதுருல நிக்கணும். மரமும் வடக்கருந்தே வரட்டும்."

டேபிளை அரைச் சுற்று திருப்பினோம். மேற்கே பார்த்து நின்றால் வடக்கு வலது கைப் பக்கம். பலகை குபேர மூலையிலிருந்தே வந்தது, சரியான பக்கமாகவும் வந்தது. முதலாளி மறுபடி குங்குமம் வைத்தார்.

4. எதிர்த்துத் தள்ளுகிற மரம்

நான் பிளக்கைப் பிடுங்கி, லிஃப்டை ஒரு நூல் மட்டும் ஏற்றி, லாக் போட்டு, பிட்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சீப்புக் கட்டையையும் மாட்டினேன். "இன்னிக்கு நான் தள்றன்கா, நீங்க உக்காருங்க."

"வேணாம் கௌசி. இன்னிக்கு நிக்கலைன்னா இனிமே எப்பவும் நிக்க மாட்டன்."

வேறொரு புஷ் பிளாக்கை எடுத்தார். கைப்பிடியை இரண்டு தடவை மாற்றிப் பிடித்துப் பார்த்தார். முதலாளி வாசலில் வண்டிக்காரரிடம் காத்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பிளக்கைச் செருகினேன். மெஷின் சீராக முனக ஆரம்பித்தது. வெளிச்சத்தில் தூள் எழுந்தது. பலகை பிட்டைத் தொட்டதும் ஷாஹிதாக்காவின் தோள் இறுகியது.

"இது என்னை எதுத்துத் தள்ளுதும்மா."

"தள்ளட்டும்கா. நீங்களும் தள்ளுங்க."

தள்ளினார். பலகை முரண்டு பிடித்துக்கொண்டே, அங்குலம் அங்குலமாகக் கடைசிவரை போனது. அவர் கண் கலங்கியிருந்தது, என் கண்ணும்தான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வேலை கனவு மாதிரி வழுக்கிக்கொண்டு போனால், சிவப்பு பட்டனை அடியுங்கள். மரம் எதிர்த்துத் தள்ளுகிற வரைக்கும்தான் கை நம்முடையது.