திருத்தியதற்குப் பில் போடாத ரங்கமணி

பத்து நாளுக்கு முன்பு, காலையில் ரங்கமணியின் மகன் போன் செய்தான். "மாமா, அப்பா போயிட்டார். காபி குடிச்சிண்டே இருந்தவர் அப்படியே சாஞ்சுட்டார்" என்றான். "பதினோரு மணி ஹியரிங்குக்கு அவர்னா போறதா இருந்தது?" என்பதுதான் என் வாயில் முதலில் வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்த ஃபைல் எங்கே இருக்கும் என்று அவனே அழுதுகொண்டு சொன்னான். வரி ஆபீஸில் வாய்தா வாங்கிக்கொண்டு நான் அபிராமபுரம் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

பதினெட்டு வருஷம் தெற்கு மாடவீதி மாடி அறையில் எங்களுக்கு எதிரெதிர் மேஜை. பிறருடைய வருமான வரிக் கணக்கை எழுதித் தாக்கல் செய்வது எங்கள் பிழைப்பு. படியேறி வந்த கட்சிக்காரர்கள் உங்கள் எல்லோருக்கும் எங்கள் சண்டையும் தெரியும். தாக்கல் செய்ததில் தப்பு வந்து, அதைத் திருத்த அலைந்தால் கட்சிக்காரரிடம் பணம் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம் என்பேன் நான். ரங்கமணி ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

"நம்ம தப்புன்னா நாமதான் திருத்தணும். அவா தப்புன்னா, முன்னாடியே துருவித் துருவிக் கேக்காதது நம்ம தப்பு."

"அப்போ தப்பே பண்ணாதவா யாருங்காணும்?"

"படியேறி வரவா."

இப்படிப் பேசுகிறவரோடு என்ன வாதாடுவது?

பாட்டு வாத்தியார் அம்மாள் ஒருவர் தபாலாபீஸ் வட்டியை வருஷா வருஷம் சொல்ல மறந்துவிடுவார். மூன்றாம் முறை திருத்திக் கொடுத்துவிட்டு, அவர் தந்த இரண்டு வாழைக்காயோடு ரங்கமணி மாடியேறி வந்தார். "உம்ம பங்கு" என்று ஒன்றை என் மேஜையில் வைத்தார். எரிச்சலாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

முனுசாமி விஷயத்தை நான்தான் சொல்லியாக வேண்டும். சைதாப்பேட்டையில் இரண்டு லேத் வைத்துப் பட்டறை நடத்தியவர். ஒரு தடவை அவருடைய கணக்கில் வருஷத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். கடைசி நாளில் மஞ்சள் பையோடு வந்து நின்றால் யாருக்குத்தான் கை தடுமாறாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நோட்டீஸ் வந்தது. ரங்கமணி மூன்று நாள் அலைந்து சரி செய்தார். பிறகு அவர் தம் மகளின் கல்யாணத்துக்காக லீவில் இருந்தபோது, அந்த வேலைக்கு நான் பில் அனுப்பினேன். முனுசாமி மறுபேச்சில்லாமல் கட்டினார்.

அடுத்த வருஷம் அவருக்கு வேறொரு நோட்டீஸ் வந்தது. எங்களிடம் அவர் அதை எடுத்து வந்தபோது ஏழு மாதம் ஆகியிருந்தது. பதில் வராததால் அதிகாரி தாமே ஒரு தொகையை மதிப்பிட்டு, அபராதமும் போட்டுவிட்டார். அப்பீலுக்கான நாளும் கடந்துவிட்டது.

"ஏன்யா இத்தனை நாள் வெச்சிண்டிருந்தே?" என்றார் ரங்கமணி.

"சாமி படத்தாண்ட சொருவி வெச்சிகினு இருந்தேன் சார். எடுத்தாந்தா மறுக்கா பில்லு போடுவீங்கோன்னு பயம்."

"எந்தப் பில்?"

நான் சொன்னேன். ரங்கமணி மேஜையைத் திறந்து மனு எழுதக் காகிதம் எடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஆறு வாரம் மனுவும் கையுமாக அலைந்தார். ஒன்றும் நடக்கவில்லை. முனுசாமி ஒரு லேத்தை விற்றார். அதை வண்டியில் ஏற்றிய அன்று ரங்கமணி சைதாப்பேட்டைக்குப் போய் வெறுமனே நின்றுவிட்டு வந்தார். எதற்குப் போனீர் என்று கேட்டேன். "வேற என்ன பண்ணத் தெரியும் எனக்கு?" என்றார்.

அன்றிலிருந்து திருத்தும் வேலைக்கு நானும் பில் போடுவதில்லை. அதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

நேற்று முனுசாமி வந்தார். ரங்கமணியின் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். சட்டைப் பையில் வரி ஆபீஸின் பிரிக்காத பழுப்புக் கவர் ஒன்று தெரிந்தது. கையை நீட்டினேன்.

"எவ்ளோ ஆவும் சார்?"

பதினெட்டு வருஷத்தில் ரங்கமணியிடம் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான், படியேறி வருகிறவர் தப்புப் பண்ணியவர் இல்லை என்ற அவருடைய அந்தப் பேச்சு. அதை நம்பித்தான், "ஒண்ணும் வேண்டாம்ப்பா, குடு" என்றேன்.

முனுசாமி, அன்றைக்குப் பில் அனுப்பிய என் முகத்தைப் பார்த்தார். "அப்பால வரேன் சார்" என்று கவரை உள்ளே தள்ளிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அந்த நோட்டீஸுக்குப் பதில் தர எத்தனை நாள் கெடு என்றுகூட எனக்குத் தெரியாது.