ஆரப்பாளையத்துக் கப்பலக்கா

அழகம்மாள் குனிந்து எஞ்சினை நக்கிப் பார்க்கிறார். நுனி நாக்கு மட்டும்தான். குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி ஒரு தொடுதல். பிறகு கண்ணை மூடிச் சப்புக்கொட்டுகிறார். எஞ்சினை விற்க வந்தவர் தொண்டிக்காரர். தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் போல வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு நிற்கிறார்.

"கழுவி வச்சிருந்தேன்னு சொன்னீக. எதுல கழுவுனீக, கடல்லயா?"

தொண்டிக்காரர் வேட்டியை மறுபடி மடித்துக் கட்டிக்கொள்கிறார். பேரம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

படகின் பின்பக்கம் தொங்குமே, கீழே காற்றாடி வைத்த எஞ்சின், அதைத்தான் அழகம்மாள் வாங்குகிறார், பழுது பார்க்கிறார், விற்கிறார். எல்லாம் பழசு. கடலில் ஓடிய எஞ்சினை ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீர் விட்டு அலசி வைக்க வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு உள்ளே உட்கார்ந்து, வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே, அரித்துத் தின்றுவிடும். அதற்குத்தான் அந்த நாக்கு. தொண்டி முதல் மண்டபம் வரை பல பேர் அதற்குப் பயப்படுகிறார்கள். மதுரை ஆரப்பாளையத்தில் நாங்களும்தான், ஆனால் வேறு காரணத்துக்கு.

கடை இருப்பது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜுக்கும் ஒரு புரோட்டாக் கடைக்கும் நடுவில் கிடக்கும் காலி மனையில். கவிழ்த்துப் போட்ட ஐந்து ஃபைபர் படகுகள். ஒன்றுக்கு அடியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. அந்தப் படகு மட்டும் இப்போதைக்கு விற்பனைக்கு இல்லை. கடல் எங்களிடமிருந்து பஸ்ஸில் பல மணி நேரம். வைகை இருக்கிறதே என்பீர்கள். வருஷத்தில் பாதி நாள் வைகையில் படகு விடலாம், அடியில் நாலு சக்கரம் மாட்டினால்.

அப்புறம் யார் வாங்குகிறார்கள்? கண்மாயில் மீன் குத்தகை எடுப்பவர்கள், அணைக்கட்டில் வலை போடுகிறவர்கள், ரிசார்ட் கட்டிக் குட்டை வெட்டி அதற்கு ஏரி என்று பெயர் வைத்தவர்கள். கடற்கரையில் வயசாகிப் போன எஞ்சின், கண்மாயில் இன்னும் பத்து வருஷம் மாப்பிள்ளை மாதிரி இருக்கும் என்பது அவர் கணக்கு. "கடல்ல அது கூலி வேல பாத்துச்சு. கண்மாயில அது மேஸ்திரி."

மனைக்கு எதிரே எங்கள் கேரம் கொட்டகை. அழகம்மாளுக்குக் கப்பலக்கா என்று பெயர் வைத்தது அந்தக் கொட்டகைதான். "அக்கா, கொழும்புக்கு ரெண்டு டிக்கெட்டு" என்று தினமும் யாராவது ஒருவன் கத்துவான். "ஏறிக்கடா. நீச்சல் தெரியுமான்னு உங்க ஆத்தாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து ஏறு" என்று தலையைத் தூக்காமலே பதில் வரும். ஒருநாள் செய்தித்தாளில் கப்பல் செய்து அவருடைய தண்ணீர் டிரம்மில் மிதக்க விட்டோம். மறுநாள் காலையில் அது எங்கள் கேரம் பலகை நடுவில் உட்கார்ந்திருந்தது. காயவைத்து, கிழிசலுக்கு டேப் ஒட்டி, பக்கவாட்டில் மார்க்கரால் எழுதியிருந்தார்: 'செகண்ட் ஹேண்ட். ஒரே ஓனர். நல்ல கண்டிசன்.' அதற்குப் பிறகு கொழும்பு டிக்கெட் கேட்பதில் எங்களுக்குக் கொஞ்சம் சுரத்துக் குறைந்துவிட்டது.

அவருடைய அப்பாவுக்குப் பக்கத்து ஊரான பரவையில் கிணற்று மோட்டார் ரிப்பேர்க் கடை. அழகம்மாள் அங்கே காயில் சுற்றி வளர்ந்தவர். ஒருநாள் யாரோ அணைக்கட்டிலிருந்து இப்படி ஓர் எஞ்சினைக் கொண்டுவந்து, மோட்டார் ஓடவில்லை என்று இறக்கி வைத்துவிட்டுப் போனார்களாம். தண்ணீர் இழுக்கிற பம்பு என்று நினைத்து, தண்ணீர் வெளியே வரும் குழாயை ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவரே சிரிப்பார். "பம்பு தண்ணியத் தள்ளும். இது தண்ணியப் புடிச்சு ஆளத் தள்ளும். அம்புட்டுதேன் வித்தியாசம். இதப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு நா ஆச்சு."

வாங்கிய எஞ்சினைப் பெரும்பாலும் பஸ்ஸிலேயே கொண்டுவருவார். பழைய சேலையில் சுற்றி, கடைசி சீட்டில் ஜன்னலோரம் நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை பரமக்குடியில் ஏறிய அம்மாள் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "யாருக்கு, மாமியாருக்கா? ரொம்ப முடியலையோ?" என்று விசாரித்திருக்கிறார். "ஆமாக்கா, நெஞ்சுல உப்புக் கட்டிருச்சு. மதுர கொண்டு போறேன்" என்றாராம். இறங்கும் வரை அந்த அம்மாள் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார், காற்றுப் படக்கூடாதென்று.

படகு வாங்குவது வேறு மாதிரி. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே படகைச் சுற்றி வருவார். சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் தட்டுவது போலத்தான். ணங் என்றால் நல்ல உடம்பு. தொப் என்றால் உள்ளே தண்ணீர் புகுந்து ஃபைபர் பிரிந்திருக்கிறது. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டங்கள் அதிகமானால் விற்பவர் முகம் சுருங்கும். பிறகு தன் மனையில் அந்த வட்டங்களை அறுத்து, புது ஃபைபர் துணி வைத்து, பசை பூசுவார். அன்றைக்குத் தெரு முழுக்க மூக்கைப் பிடித்துக்கொள்ளும். கை அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, முழங்கை வரை பளபளக்க உட்கார்ந்திருப்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை, எஞ்சினுக்குத் தண்ணி காட்டுவது. மாட்டுக்குத் தண்ணி காட்டுவார்களே, அதே வார்த்தைதான். நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதன் விளிம்பில் மாட்டி, கயிற்றை இழுத்து ஓடவிடுவார். எஞ்சின் தண்ணீரைக் குடித்துத் தன் சூட்டைத் தணித்துக்கொண்டு, பின்பக்கம் மிளகு அளவு ஓட்டை ஒன்றின் வழியாக மெல்லிய தாரையாக வெளியே விட வேண்டும். "ஒண்ணுக்குப் போகுதா?" என்று கேட்டபடி அந்தத் தாரையில் விரலை வைத்துச் சூடு பார்ப்பார். வாங்க வருகிறவர்கள் எவ்வளவு பெரிய மனிதரானாலும் இந்த ஒரு பாடத்தைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். "ஒண்ணுக்குப் போகலைன்னா அந்த நிமிசமே அமத்திரணும். நீங்களா கம்பிய விட்டுக் குத்தாதீக. எங்கிட்டக் கொண்டாங்க."

எஞ்சின் விஷயத்தில் அவர் பொய் சொல்லிக் கேட்டதில்லை. ஆளைப் பற்றி என்றால் சொல்வார், பஸ்ஸில் மாமியார் என்பார், புரோட்டாக் கடைக்காரரிடம் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். எஞ்சின் என்றால் மட்டும் நாக்கு நேராகிவிடும். "இது காலைக் குளுருல நாலு இழுப்புக் கேக்கும். ரெண்டு இழுப்புல கெளம்பும்னு நான் சொல்ல மாட்டேன். பொறவு நடுத்தண்ணில நின்னுக்கிட்டு என்னைய வையிவீக." வாங்க வந்த சிலர் இதைக் கேட்டுத் திரும்பிப் போனதும் உண்டு. போகட்டும் என்பார்.

அதனால்தான் போன மாசியில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வந்தவர்களின் பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். கண்மாயைத் தேடிப் போகாதீர்கள்.

கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு டெம்போ வந்து நின்றது. கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருக்கும் பால்பாண்டி இறங்கினார். முந்தைய வாரம்தான் இங்கே படகும் எஞ்சினும் வாங்கிப் போனவர். கூடவே அவருடைய அம்மா சுந்தரம்மாள். பின்னால், எஞ்சினுக்குப் பக்கத்தில், மஞ்சள் கயிறு இன்னும் மங்காத புதுப்பெண் முத்துமீனா. மடியில் ஒரு துணிப்பை.

"என்னக்கா இப்படிப் பண்ணிப்புட்ட!" பால்பாண்டி தெருவுக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தார். "மொத நாளு, ஊரே கரையில நிக்குது. கெளப்புனேன். ஒண்ணுக்குப் போகல. நீ சொன்ன மாதிரி டக்குனு அமத்திட்டேன். துடுப்புப் போட்டுக் கரைக்கு வாரதுக்குள்ள சின்னப்பயலுக எல்லாம் கைதட்டிச் சிரிக்கிறாய்ங்க."

"கம்பிய விட்டுக் குத்துனியா?"

"தொடவே இல்லக்கா."

"அப்பச் சரி. எறக்கு."

இறக்க எங்களில் நாலு பேரைக் கூப்பிட்டார். டிரம்மில் மாட்டும் வரை சுந்தரம்மாள் வாயை மூடவில்லை. "எஞ்சினக் குத்தம் சொல்லி என்னம்மா செய்ய? வாங்கியாந்த அன்னைக்குப் பூச போட்டோம். வீட்டுக்கு வந்த மகராசி, நீ பொட்டு வையின்னு இவகிட்டக் குடுத்தேன். வச்சா. அம்புட்டுதேன், மக்காநாளே படுத்துருச்சு. கைராசி அப்படி. மாசி முடியிற மட்டும் பரவையில இவ ஆத்தா வீட்டுல இருக்கட்டும்னு கையோட கூட்டியாந்துட்டோம். இவ போன பொறவு எஞ்சினத் தண்ணியில எறக்குனா எல்லாஞ் சரியாப் போகும்."

பால்பாண்டி செருப்பைப் பார்த்தார். முத்துமீனா துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் பிறந்த வீட்டில் இருப்பது பெரிய விஷயமா என்று எங்களில் யாரும் கேட்க மாட்டோம். கைராசி இல்லாதவள் என்று அனுப்பப்பட்டவள் திரும்பி வந்த பிறகும், அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அவள் கைதான், தீய்ந்தாலும் அவள் கைதான்.

அழகம்மாள் எஞ்சினின் பின்பக்கம் குனிந்தார். அங்கே இரண்டு போல்ட், அவற்றுக்கு நடுவில் சற்று மேலே அந்த ஓட்டை. பூசைத் தட்டோடு நிற்கிற ஒருத்தி கண்ணுக்கு அது முகம் மாதிரி தெரிந்தால் ஆச்சரியமில்லை. அவர் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை எடுத்து ஓட்டையில் விட்டு, மெதுவாகத் திருகி வெளியே இழுத்தார். கம்பி முனையோடு காய்ந்து இறுகிய ஒரு துண்டு வந்தது. மஞ்சளாக, ஓர் ஓரம் சிவந்து. டிரம்மைப் பிடித்துக்கொண்டிருந்த எங்களுக்குச் சந்தனம் மணத்தது.

எஞ்சினில் ஒரு குற்றமும் இல்லை. இதைத் தூக்கிக் காட்டினால் அழகம்மாளின் பெயர் இந்தத் தெருவிலேயே கழுவப்பட்டுவிடும். முத்துமீனா கம்பி முனையைப் பார்த்தாள். என்ன நடந்ததென்று அவளுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது.

அழகம்மாள் அந்தத் துண்டை உள்ளங்கையில் தட்டி விரல்களை மூடிக்கொண்டார்.

"குளவிக் கூடு" என்றார்.

"மாப்ள, சந்தன வாச..." என்று ஆரம்பித்தான் எங்கள் அருண்பாண்டி. அவன் காலை மிதித்தது யார் என்பது இங்கே தேவையில்லை.

சுந்தரம்மாள் ஓரடி முன்னால் வந்தார். "என்னது, குளவியா?"

"ஆமா மதினி. மண்ணுல கட்டியிருக்கு. ஓட்டை அடைஞ்சு போச்சு. எஞ்சின எங்க வச்சிருந்தீக?"

"வீட்டுக்குள்ளதேன். பத்தாயத்துக்குப் பக்கத்துல."

"பொறவென்ன. உங்க வீட்டுல கட்டியிருக்கு."

குளவி வீட்டில் கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத விஷயம். சுந்தரம்மாளின் பார்வை எஞ்சினை விட்டு மருமகளிடம் போனது. தலையில் தொடங்கி, இறங்கி, வயிற்றில் வந்து நின்றது. அப்புறம் அவர் குரலில் வேறு கவலை. "ஐயையோ, கூட்டக் கலைச்சுப்புட்டியேம்மா!"

"குஞ்சு பொரிச்சுப் பறந்து போயிருச்சு மதினி. வெறுங்கூடுதேன் கெடந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "எப்பங்கிறத குளவி சொல்லாது. நீங்களும் போட்டு அவசரப்படுத்தாதீக" என்றார்.

பிறகு முத்துமீனாவைக் கூப்பிட்டு, "இந்தா தாயி, கயித்த நீ இழு" என்றார். அவள் தயங்கி மாமியாரைப் பார்த்தாள். "அதான் சொல்றாகல்ல, இழு. அடிவயித்துல இடிக்காம இழு" என்றார் சுந்தரம்மாள். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் எஞ்சின் இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. எல்லோரும் எஞ்சினின் பின்பக்கம் குனிந்து அந்த ஓட்டையையே பார்த்தோம். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. அப்புறம் நெளிந்து வந்த நூல் தாரை நேராகியது.

"போகுது! போகுது!" என்று பால்பாண்டி கத்தினார். லாட்ஜ் மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒரு குடும்பமே சேர்ந்து ஓர் எஞ்சின் ஒன்றுக்குப் போவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள்.

"பரவைக்குப் போக வேணாம்டா" என்றார் சுந்தரம்மாள் மகனிடம். "நேரா வீட்டுக்கு விடு. அவ முன்னாடி ஒக்காரட்டும், பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும்." துணிப்பையை மருமகள் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டு, டெம்போவின் முன்சீட்டைத் துடைக்கப் போனார்.

எஞ்சினைப் பின்னால் ஏற்றிக் கட்டினோம். பால்பாண்டி கயிறு முடிந்துகொண்டிருந்தார். முத்துமீனா அழகம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். அழகம்மாள் அவளுடைய வலது கை மோதிர விரலைப் பிடித்தார். எஞ்சினின் பின்பக்கம் கொண்டுபோய் அந்தச் சின்ன ஓட்டையைத் தொடவைத்து, இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு விரலை விடாமல் மேலே கூட்டிப்போய், மூடியின் உச்சியில் அகலமாக, வழவழப்பாக இருந்த இடத்தில் வைத்து, பொட்டு வைப்பது போல இரண்டு தடவை அழுத்தினார்.