இறந்தவளுக்குக் குரல் கொடுத்தவள்

நாடகக் குழுவில் அவளுக்குக் கிடைத்த வேஷங்களைச் சொன்னால் சிரிப்புதான் வரும். கதவைத் திறந்துவிடும் வேலைக்காரி, கூட்டத்தில் ஒருத்தி, ஒரு நாடகத்தில் முதல் காட்சியிலேயே பிணம். முகத்தை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் குரல் இருக்கிறதே! வாயைத் திறந்தால், கடைசி வரிசையில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். அந்தக் குரலை வைத்து என்றாவது முன்னுக்கு வந்துவிடலாம் என்று அவளும் அவள் அக்காவும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

சினிமா வாய்ப்பு வந்ததும் குரலால்தான். வந்த விதம்தான் சரியில்லை. ஒரு படத்தின் கதாநாயகி சாலை விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். நடித்து முடித்திருந்தாள், டப்பிங் பேசவில்லை.

"அவங்க மாதிரியே பேசிக் குடுத்துடும்மா. அடுத்த படத்துல உனக்கே நல்ல வேஷம் தர்றேன். ஆனா அதுக்கு டெஸ்ட் உண்டு. அங்க உன் சொந்தக் குரல்லதான் பேசணும், தெரியுதா?" என்றார் இயக்குநர்.

தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடினாள்.

டப்பிங் தியேட்டரில் ஹெட்போனை மாட்டினால், படப்பிடிப்பில் பதிவான இறந்தவளின் குரல் காற்றிரைச்சலோடு கேட்கும். திரையில் உதடு அசைய அசைய, அதன் மேலேயே இவள் பேச வேண்டும். மேடைப் பழக்கத்தில் முதல் நாள் கத்தித் தொலைத்தாள்.

"ஏம்மா, மைக்குக்குக் காது கேக்காதுன்னு நினைச்சியா?" என்று ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

மேடைக்காரர்களுக்குத் தெரிந்தது ஒரே வழி, ஆளாகவே மாறிவிடுவது. இறந்தவளின் குரலைப் போனில் ஏற்றிக்கொண்டு போய், துணி துவைக்கும்போதும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் கேட்டாள். எங்கே மூச்சு வாங்குகிறாள், எங்கே எச்சில் விழுங்குகிறாள் என்பதெல்லாம் அத்துப்படி ஆகிவிட்டது. டப்பிங்காரர்கள் அடுத்தவர் குரலை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதை இந்தப் பைத்தியத்துக்கு யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் அக்கா குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்தாள்.

"யாருடி வந்திருக்கா? பேச்சுச் சத்தம் கேட்டுச்சே!"

"யாரும் வரலக்கா. நான்தான் துண்டு வேணுமான்னு கேட்டேன்."

"சும்மா விளையாடாதடி. எனக்குப் பயமா இருக்கு."

அவள் விளையாடவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தன் பழைய நாடக வசனங்களைச் சொல்லிப் பார்த்தாள். வாய் தன்னுடையது, வந்த குரல் இறந்தவளுடையது. டப்பிங் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கடைசி நாள் வந்தது. மறுநாள் டெஸ்ட். இறந்தவளின் அம்மா வந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மிச்சம் இருந்தது ஒரே வார்த்தை. முதுகு மட்டும் தெரியும் காட்சி என்பதால் சத்தமில்லாமல் எடுத்திருந்தார்கள். ஹெட்போனில் யாரும் இல்லை. அப்பாடா, இதையாவது என் குரலில் பேசிப் பார்ப்போம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா" என்றாள்.

கதவு திறந்தது. அந்த அம்மா உள்ளே வந்து இவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்கூட சண்டை போட்டுக்கிட்டு வீட்டை விட்டுப் போனவ. அப்புறம் அவ வாயால அம்மாங்கிற வார்த்தையே கேக்கல. இப்பதான் கூப்பிட்டா."

இவளுக்குப் பாவமாகவும் இருந்தது, கையை உதறிவிட்டு ஓட வேண்டும் போலவும் இருந்தது.

"நான் அவங்க இல்லம்மா. என்னை விட்டுடுங்க" என்றாள். அதையும் அவள்தான் சொன்னாள், இறந்தவள்.

அந்த அம்மா பிடியை விடவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"கோவமா இருந்தாலும் பரவால்ல கண்ணு. பேசு. பேசிக்கிட்டே இரு."