ஆலங்கட்டி மணி

கல்திரிக் எங்கள் வல்மோரா மாதா கோயிலில் மணியடிப்பவர். முப்பது வருடம் அந்த மணிக்கடியிலேயே நின்றதில் காது இரண்டும் போய்விட்டன; காதருகே கத்தினால்தான் ஏதோ கொஞ்சம் கேட்கும். ஆனால் இடி இடித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். கோபுரக் கல்லின் அதிர்வு உள்ளங்காலில் ஏறும். உடனே கயிற்றைப் பிடித்துவிடுவார். மணியடித்தால் மேகம் கலையும், ஆலங்கட்டி விழாது, திராட்சை தப்பும். அதற்காகவே வீட்டுக்கு ஒரு குடம் ஒயின் அவருக்குக் கொடுத்துவந்தோம்.

திராட்சை பழுத்து நின்ற செப்டம்பரில் நெப்போலியனின் படை ஒன்று கணவாய் வழியே வருவதாகத் தகவல் வந்தது. நாற்பது பேர் வேட்டைத் துப்பாக்கியோடு பாறைகளுக்குப் பின்னால் பதுங்குவதென்று முடிவானது. எதிரி வேறு வழியில் சுற்றி வந்து ஊருக்குள் நுழைந்தால் மட்டுமே மணி அடிக்க வேண்டும். கேட்டதும் நாங்கள் ஊருக்கு ஓடிவர வேண்டும். இதைக் கல்திரிக்கிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"அண்ணே, நாளைக்கு மணியத் தொடாதீங்க. இடி இடிச்சாலும் தொடாதீங்க. பிரெஞ்சுக்காரன் ஊருக்குள்ள வந்தா மட்டும் அடிங்க."

"சரி சரி, ஃபெலியு. எல்லாம் தெரியும்" என்று தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியாததா? சாப்பிட்டீர்களா என்று கேட்டாலும் அப்படித்தான் ஆட்டுவார். இன்னொரு தடவை காதருகே கத்தியிருக்கலாம். செவிடன் காதில் சங்கு ஊதுவானேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் காலை வானம் மூடிக் கிடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பீரங்கியால் நாங்கள் பதுங்கியிருந்த பாறைகளை அடித்தார்கள். எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கல்திரிக்கின் மகன் நர்சீஸ் என் பக்கத்தில் இருந்தான்.

"பாறைக்குக் கல்யாணம்னு நெனச்சு வெடி போடுறானுங்க" என்று சிரித்தான்.

அப்போது ஊர் மணி அடித்தது.

பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். யார் யோசிப்பார்கள்? எல்லோரும் பாறையை விட்டு இறங்கித் திறந்த வயலில் ஓடினோம். குதிரைப்படை பின்னால் வந்தது. பதினான்கு பேரை வெட்டிச் சாய்த்தது. நர்சீஸ் மூன்றாவதாக விழுந்தான். நான் வாய்க்காலில் விழுந்ததால் பிழைத்தேன்.

ஊரில் ஒரு பிரெஞ்சுக்காரனும் இல்லை. மணி மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. கோபுரத்தில் ஏறினேன். கல்திரிக் வியர்வையில் நனைந்து நின்றார்.

"பாத்தியா, ஃபெலியு? எவ்வளவு இடி. ஒரு கல்லு விழ விட்டேனா? நர்சீஸ்கிட்ட சொல்லு, இந்த வருசம் நல்ல வெள்ளாமை."

"நர்சீஸ் செத்துட்டான், அண்ணே."

"சரி சரி" என்று தலையாட்டினார்.

இந்தத் தடவை காதருகே போய்க் கத்தினேன். கயிறு அவர் கையிலிருந்து நழுவியது.

இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். ஒயின் கொடுப்பதை ஊர் அன்றே நிறுத்திவிட்டது. செவிட்டுக் கிழவன் பதினான்கு பேரைக் கொன்றான் என்று மதுக்கடையில் இன்றும் பேசுகிறார்கள். "நீதான அவருகிட்ட சொல்லிட்டு வந்த, ஃபெலியு?" என்று என்னைக் கேட்கிறார்கள். தலையாட்டுகிறேன்.