பட்டினியாக இறங்கிய குட்டிகள்

கல்வராயன் மலையில் வாங்கிய இரண்டு நாய்க்குட்டிகளோடு நானும் மச்சானும் பஸ் ஏறினோம். வளைவுகளில் வாந்தியெடுக்கும் என்று காலையிலிருந்து எதுவும் கொடுக்கவில்லை. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். மச்சான் ஒன்றோடு சங்கராபுரம் போனார்.

கச்சிராயபாளையத்தில் வீட்டுக்கு வந்ததும் என் குட்டி நடுங்கியது. குளிர் என்று சாக்கில் சுற்றினேன். தலை தொங்கிவிட்டது, ஈறு வெளுத்துச் சில்லிட்டிருந்தது.

கால்நடை டாக்டர் போனில் கத்தினார்: “பட்டினி போட்டீங்களா? சர்க்கரை இறங்கிடுச்சு. வெல்லத்தைக் கரைச்சு ஈறுல தடவுங்க, வாயில ஊத்தாதீங்க. முழிச்சதும் பால்சோறு குடுத்து இங்க தூக்கிக்கினு வாங்க.”

சுற்றிலும் கரும்புக்காடு, நடுவில் சர்க்கரை இல்லாமல் ஓர் உயிர் போகப் பார்த்தது. தடவத் தடவக் கண் திறந்தது.

உடனே மச்சானைப் போனில் கூப்பிட்டேன். நான் விஷயத்தைச் சொல்வதற்குள் அவரே பெருமையாக ஆரம்பித்தார்:

“என் குட்டி ரொம்ப சாது. வந்ததுலேருந்து தூங்கிக்கினே இருக்குது. யாரும் எழுப்பாதீங்கன்னு சொல்லிட்டேன்.”